மேலப்பாறைக்குளத்துக்கு வந்த பண்டாரம்

சங்கரன்கோவில்
4-6-1978

கைலாசத்துக்கு,

உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்ததும் இரண்டு வருஷத்துக்குப் பிறகு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கடையநல்லூர் மைதீன் பாட்சா, சைக்கிளில் சேலை மூட்டை கட்டி ஊர் ஊராகப் போகிறவர், உன்னைச் சிவகிரிக்கு மேற்கே மேலப்பாறைக்குளத்தில் பார்த்தாராம். "காவி கட்டி, கழுத்துல கொட்டை போட்டு, ஆளே மாறிட்டாரு. பாட்டுப் பாடுதாரு, சனம் காலத் தொட்டுக் கும்பிடுது" என்றார். உன் அத்தானிடம் சொன்னேன். "சாமியாராப் போனவனுக்கு அக்கா ஏது, தங்கச்சி ஏது" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அதை நான் நம்பியிருப்பேன். வியாழக்கிழமை மத்தியானம் பாத்திரக்கடைக்குத் தூக்கில் சாப்பாடு கொண்டு போனேன். பின்கட்டில் நாலு பேர் மூக்காண்டியை அமுக்கிப் பிடித்திருந்தார்கள். நம் கடையில் ஒடுக்கெடுக்கிற அதே மூக்காண்டிதான். வாயில் பாத்திரம் துலக்குகிற புளித்துணி. வலது கை பட்டறைக்கல் மேல். சுத்தியல் உன் அத்தான் கையில். மூன்று விரல். மூன்றும் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. என்னைப் பார்த்துவிட்டு, "தூக்க வச்சிட்டுப் போ" என்றார். பிறகு கை கழுவிவிட்டுச் சாப்பிட்டார்.

தூக்கு வைத்த பலகையில் ஒரு தபால் கார்டு கிடந்தது. உன் கையெழுத்து. "தரிசனம் சுகம். வாழைத்தார் மூன்று முற்றியிருக்கிறது." வாழைக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்? அக்காவுக்கு எழுதாதவன் அத்தானுக்கு என்ன எழுதுகிறாய்?

பதிலை எதிர்வீட்டு சுபைதா பேகம் பெயருக்கு எழுது. அவள் புருஷன் குவைத்தில் இருக்கிறார். வாரம் இரண்டு கடிதம் வருகிற வீடு, தபால்காரர் சந்தேகப்பட மாட்டார். இதை மைதீன் பாட்சா கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன்.

முத்துமீனாள்


மேலப்பாறைக்குளம்
10-6-1978

அக்கா,

பொய் எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். இரண்டு தாள் கிழித்தேன். நீ சுத்தியல் சத்தத்தைக் கேட்டுவிட்டாய், இனி மறைத்து என்ன.

வாழைத்தார் என்றால் ஐம்பொன் விக்கிரகம். மூன்று என்றால் மூன்று. முற்றியிருக்கிறது என்றால் பூட்டு லேசு, எடுத்துவிடலாம் என்று அர்த்தம். அத்தான் கூட்டத்தில் பதினோரு பேர். ஒருவன் செய்கிற வேலை இன்னொருவனுக்குத் தெரியாது. கையில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்து சேர்ந்தவர்கள். நான் அவர்களுக்குக் கண். பண்டாரமாக ஊருக்குள் போவேன், தேவாரம் பாடுவேன், கோயிலில் படுப்பேன். எந்தச் சாமி எந்த அறையில், சாவி யார் மடியில், ஊர் எந்த நேரம் வெறிச்சோடும் என்று பார்த்து எழுதுவேன். காவி கட்டினவனை எந்தக் கதவும் யார் நீ என்று கேட்பதில்லை.

எழுபத்தாறில் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் சட்டைப்பையில் கைவிட்டு மாட்டிக்கொண்டேன். தோள் எலும்பு உடையும்வரை அடித்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனது அத்தான்தான். உன்னிடம் பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொன்னோம். அன்றிலிருந்து அவர் சொன்னதைச் செய்கிறேன். ஒன்று மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறேன்: நான் எழுதிக் கொடுக்கிற ஊரில் ஒருத்தர் மேலும் கை படக்கூடாது. இதுவரை படவில்லை.

இந்த ஊர்க் கோயிலுக்குக் காவல் நல்லகண்ணு என்பவர். இடது கால் யானைக்கால். வீங்குகிற நாளில் எழுந்திருக்க முடியாது, சாவியை என்னிடம் கொடுத்து, "சாமி, செத்த விளக்கப் போட்டுட்டு வாரும்" என்பார். அவர் சம்சாரம் மாரித்தாய் நடவு வேலைக்குப் போகிறவள். அவள் கொண்டுவருகிற கஞ்சியில் எனக்குத்தான் முதலில் ஊற்றுகிறார். கார்டைப் போட்ட பிறகு அக்கா, அந்தக் கஞ்சியை அவர் பாத்திரத்திலேயே திரும்ப ஊற்றிவிடுகிறேன்.

கைலாசம்


சங்கரன்கோவில்
16-6-1978

கைலாசம்,

உன் கடிதத்தை சுபைதா வீட்டு அடுப்படியில் நின்று படித்தேன். அங்கேயே அடுப்பில் போட்டுவிடச் சொன்னாள். எனக்கு மனசு வரவில்லை, அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன்.

உன்னைத் திட்ட இப்போது நேரமில்லை. உடனே இன்னொரு கார்டு எழுது. தார் பிஞ்சு, வேறு ஊர் பார்க்கிறேன் என்று எழுது. உன் நிபந்தனையை நம்பாதே. உன் அத்தான் நிபந்தனைக்குக் கட்டுப்படுகிற ஆள் இல்லை, பயத்துக்கு மட்டும்தான் கட்டுப்படுகிறார். இப்போது பயந்து போயிருக்கிறார்.

போலீசுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிருக்கிறது. கடைப் பெயர், கூட்டத்தில் இரண்டு பேர் பெயர் எல்லாம் அதில் இருந்ததாம். ஸ்டேஷனில் இவருக்கு வேண்டிய ஆள் ஒருவன் வந்து சொல்லிவிட்டான். அதிலிருந்து ஒவ்வொருவன் முகமாகப் பார்க்கிறார். மூக்காண்டியின் விரல் போனது அதற்குத்தான். அவன் இல்லை என்று தெரிந்ததும் தேடல் வெளியே திரும்பியது.

கடைக்கு எதிரே வேப்பமரத்தடியில் பத்து நாளாக ஒரு பரதேசி உட்கார்ந்திருந்தார். தாடி, திருவோடு. போலீஸ் அனுப்பிய ஒற்றன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நீ போடுகிற வேஷத்தையே எதிரியும் போட்டிருப்பான் என்று உன் அத்தானுக்குத் தோன்றியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில், சாப்பாடு போடுகிறோம் என்று கூப்பிட்டுப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு முழங்காலையும் உடைத்தார்கள். "எந்த ஸ்டேஷன்ல, எந்த ஸ்டேஷன்ல" என்று கேட்டுக்கொண்டே அடித்தார்கள். அந்த மனுஷர் ரயில்வே ஸ்டேஷனைக் கேட்கிறார்கள் என்று நினைத்து, "தென்காசில ஏறுனேன், தென்காசில ஏறுனேன்" என்று அழுதார். நான் தண்ணீர் கொண்டு போனேன். குடிக்க வாய் கூடவில்லை. சாயங்காலம் வண்டியில் ஏற்றி எங்கோ ரோட்டோரம் இறக்கிவிட்டார்கள்.

அவர் ஒற்றன் இல்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே. கார்டை எழுது.

முத்துமீனாள்


மேலப்பாறைக்குளம்
26-6-1978

அக்கா,

நீ சொன்னபடி எழுதினேன். தார் பிஞ்சு என்று கார்டு போட்டுவிட்டு இங்கேயே இருந்தேன். கிளம்பியிருக்கலாம். கிளம்பாமல் இருந்தால் காவலாக இருக்கும் என்று நினைத்தேன்.

கண்ணைப் பார்க்க இன்னொரு கண் உண்டு என்பது எனக்குத் தெரியாது. வளையல் விற்கிறவன் மாதிரி ஒருவன் வந்து போயிருக்கிறான். முந்தாநாள் சனிக்கிழமை மத்தியானம், ஊரே நடவு வயலில் இருந்த நேரம், வேன் வந்து நின்றது. அத்தானும் நாலு பேரும். என் முகத்தைப் பார்த்து அத்தான் சிரித்தார். "பிஞ்சாடே?" என்றார்.

நல்லகண்ணு முன்மண்டபத்தில் காலை நீட்டிப் படுத்திருந்தார். முதல் பூட்டை நெம்பும்போதே எழுந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைத் தள்ளினால் போதும், அந்தக் காலை வைத்துக்கொண்டு துரத்தவா போகிறார். அத்தான் கடப்பாரையை ஓங்கினார். நான் பாய்ந்து பிடித்தேன். பின்னால் இருந்து எவனோ என் மண்டையில் போட்டான். விழுந்து கிடந்து பார்த்தேன். முதல் அடி தோளில். இரண்டாவது நெற்றியில். நடுவில் அவர் என்னைப் பார்த்துத்தான் கத்தினார். "சாமி, ஓடிரும். உம்மையும் கொன்னுருவானுவ, ஓடிரும்." மூன்றாவது அடிக்குப் பிறகு குரல் இல்லை. அதற்குப் பிறகும் இரண்டு அடி விழுந்தது.

மூன்று விக்கிரகத்தையும் சாக்கில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். என்னையும் செத்தவன் கணக்கில் விட்டிருக்க வேண்டும்.

ஊர் என்ன நினைக்கிறது தெரியுமா? சாமியையும் நல்லகண்ணுவையும் காப்பாற்றப் போய்ப் பண்டாரம் மண்டை உடைபட்டதாம். போலீசிடம் எல்லோரும் அதையே சொன்னார்கள். நான் வாய் திறக்கவில்லை, அதிர்ச்சியில் இருக்கிறேன் என்று விட்டுவிட்டார்கள். மாரித்தாய் வீட்டில் பாய் போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். நேற்றுத்தான் புருஷனைக் காட்டில் வைத்து எரித்தார்கள். இன்று காலை அவள் என் தலையில் மஞ்சள் பற்றுப் போட்டாள், கஞ்சியை ஊட்டிவிட்டாள்.  "வலிக்கா சாமி" என்று கேட்கிறாள்.

நான் என்ன செய்யட்டும்?

கைலாசம்


சங்கரன்கோவில்
28-6-1978

கைலாசம்,

மைதீன் பாட்சா சைக்கிளை வாசல் கல்லில் சாய்த்துவிட்டு நிற்கிறார். சுருக்கமாக எழுதுகிறேன்.

உயிரோடு இருக்கிறாய் என்பது இவர்களுக்குத் தெரிந்துவிட்டது. நேற்று உன் அத்தான் நாலு பேரை வைத்துப் பேசினார். "மச்சினன்னு பாத்தா பதினோரு பேருக்கும் கயிறுதான். காவடி எடுத்துப் போற மாதிரிப் போங்க, மருந்து குடுக்க மாதிரி முடிச்சிருங்க" என்றார். வெள்ளிக்கிழமை காலை மூன்று பேர் வருகிறார்கள். அதில் ஒருவனாக மூக்காண்டியையும் அனுப்புகிறார், அவன் விசுவாசத்தைச் சோதிக்க. எனக்குக் கேட்காது என்று நினைத்து அல்ல. கேட்டால் என்ன என்றுதான் பேசினார். என்னை மேசை நாற்காலி மாதிரி நினைக்கிறார்.

விக்கிரகம் மூன்றும் கடையில்தான் இருக்கின்றன. கல்யாண வீட்டுக்குச் சமைக்கிற பெரிய செம்பு அண்டாக்கள் வரிசையாக இருக்குமே, அதில் கடைசி மூன்றுக்கும் அடித்தகடு இரண்டு. நடுவில் வைத்துப் பற்றவைத்து, மேலே ஈயம் பூசியாகிவிட்டது. தட்டிப் பார்த்தாலும் தெரியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மொட்டைக் கடிதம் எழுதியது நான். ராத்திரியில் கடைக்கு மூட்டை வருவதைப் பார்த்து, நீ அதில் இருப்பது தெரியாமல், ஏப்ரலில் எழுதினேன். எழுதினால் போலீஸ் வரும், இவரைப் பிடித்துக்கொண்டு போகும், வீட்டுக்குள் இந்தச் சத்தம் ஓயும் என்று நினைத்தேன். மூக்காண்டியின் விரலும் அந்தப் பரதேசியின் காலும் என்னால் போனவை. இரண்டையும் நின்று பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. உன் கார்டு மாதிரிதான் என் கடிதமும். நாம் இரண்டு பேரும் எழுதினோம், அடி வேறு யார் மேலோ விழுந்தது.

ஓடிவிடு. மதுரைக்குப் போ, வடக்கே எங்காவது போ. இந்தத் தாளை எரித்துவிடு.

முத்துமீனாள்


சிவகிரி
3-7-1978

அக்கா,

தாளை எரித்துவிட்டேன். ஓடவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் மாரித்தாய் முற்றத்தில் நெல் குத்திக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு எழுதியது, வாழைத்தார், அத்தான், மறுநாள் வரப்போகிற காவடி, எல்லாம். உலக்கையை நிறுத்தாமலே கேட்டாள். கடைசியில்தான் நிறுத்தினாள்.

"அவுக கடைசியா என்ன சொன்னாக?"

சொன்னேன்.

"ஒம்மளையா ஓடச் சொன்னாக?"

"ஆமா."

உலக்கையால் அடித்தாள். இடது கை முழங்கைக்குக் கீழே இரண்டாகப் போனது. அடுத்தது விலாவில். நான் தடுக்கவில்லை. சத்தம் கேட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள், விஷயம் தெரிந்ததும் அவர்கள் கையில் மண்வெட்டியும் அரிவாளும் வந்துவிட்டன. முகத்தில் மிதித்தார்கள். மாரித்தாய்தான் நடுவில் வந்து நின்றாள். "இவன் செத்துப்போனா எவன் வந்து சாட்சி சொல்லுவான்? போங்க எல்லாரும்" என்றாள். எனக்காக நின்றாள் என்று நினைத்துவிடாதே, அக்கா. அவள் முகத்தை நான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று காவடி வந்தது. ஊர் காத்திருந்தது. அடித்த அடியில் மூக்காண்டியின் தாடை பெயர்ந்து தொங்கியது. கட்டுப்போட்ட விரல்களோடு கும்பிட்டுக்கொண்டே விழுந்தான். போலீஸ் வரும்போது மூவருக்கும் உயிர் மட்டும்தான் மிச்சம். நானும் அவர்களோடு வேனில் ஏறினேன். நல்லவேளை, எழுதுகிற கை தப்பியது. ஆஸ்பத்திரியில் படுத்தபடி எழுதுகிறேன், பார்க்க வந்த மைதீன் பாட்சா கையில் கொடுத்துவிடுகிறேன்.

வாக்குமூலத்தில் எல்லார் பெயரையும் சொல்லிவிட்டேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. விக்கிரகம் எங்கே என்று ஒரு நாள் முழுக்கக் கேட்டார்கள். தெரியாது என்றேன். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், உன் பெயர் வரும், அத்தான் கைக்கெட்டும் தூரத்தில் நீ இருக்கிறாய். அதை நீயே முடிவு செய்துகொள். சும்மா இருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

கைலாசம்


சங்கரன்கோவில்
22-7-1978

கைலாசம்,

சொல்வது நான், எழுதுவது சுபைதா. என் வலது கையில் கட்டு.

உன் வாக்குமூலத்தை வைத்து இங்கே கடையைச் சோதனை போட்டார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. இவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்து நாளில் ஜாமீனில் விட்டுவிட்டார்கள். வந்தவர் நேரே வீட்டைக் கலைத்தார். அரிசிப் பானையைக் கவிழ்த்தபோது உன் முதல் கடிதம் விழுந்தது.

நின்றபடியே படித்து முடித்தார். பிறகு என் தலைமுடியைச் சுற்றிப் பிடித்துக் கடைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். ஈயம் பூசுகிற உலையில் கரி கனன்றுகொண்டிருந்தது. "கடுதாசியக் கொண்டு போனவன் யாரு?" என்றார்.  என் உள்ளங்கையைக் கரியில் வைத்து மேலே மிதித்தார். "யாருன்னு கேக்கேன்லா" என்றார். கத்தினேன், ஆனால் பெயரைச் சொல்லவில்லை. மைதீன் பாட்சாவுக்குச் சின்னப் பிள்ளைகள். இந்த சுபைதாவுக்கு வீட்டில் துணைக்கு ஆளில்லை. இதை எழுதும்போது அவள் அழுகிறாள், எழுத்து கோணினால் அதனால்தான்.

இடது கைக்கு ஈயம் உருக்குகிற கரண்டி அகப்பட்டது. அதிலிருந்ததை அவர் முகத்தில் வீசினேன். ஒரு கண் போய்விட்டது என்கிறார்கள். அவர் கீழே உருண்டபோது வெளியே வந்தேன். கோயில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் தெரு கொள்ளாமல் இருந்தது. கையைப் பார்த்ததும் சனம் விலகி வழி விட்டது. ஸ்டேஷனுக்கு நடந்தே போனேன். இந்த முறை மொட்டைக் கடிதம் இல்லை. பெயர், தகப்பனார் பெயர், தெரு எல்லாம் சொல்லி எழுதச் சொன்னேன். அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து மூன்று அண்டாவையும் தெருவில் இழுத்துப் போட்டு உளியால் பிளக்க வைத்தேன். முதலில் அம்மன் வந்தது. அங்கே நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் கேட்டாள், புருஷன் முகத்தில் இப்படிச் செய்யலாமா என்று. இன்னும் யோசிக்கிறேன். செய்திருக்கக்கூடாது என்று ஒருநாளும் தோன்றவில்லை.

முத்துமீனாள்


பாளையங்கோட்டை
11-3-1979

அக்கா,

தீர்ப்பு நீ கேட்டதுதான். அத்தானுக்கு ஆயுள். எனக்கு ஆறு வருஷம். மன்னிப்பு வாங்கிக்கொண்டு அரசுத் தரப்புச் சாட்சியாக மாறினால் வெளியே போகலாம் என்று வக்கீல் எவ்வளவோ சொன்னார். சாட்சி சொல்கிறேன், வெளியே போகவில்லை என்றேன். பைத்தியம் என்று நினைத்துக்கொண்டார். கோர்ட்டில் நீ கையை விரித்துக் காட்டியபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்காகவும் மன்னித்துக்கொள்.

அத்தானும் இங்கேதான், வேறு பிளாக். அவருக்கு வேண்டியவர்கள் உள்ளேயும் இருக்கிறார்கள். போன மாதம் குளிக்கிற இடத்தில் ஒருவன் தட்டைத் தீட்டிக் கழுத்தில் இழுத்தான். பதினான்கு தையல். பயப்படாதே, ஆறிவிட்டது. இப்போது தனியாக வைத்திருக்கிறார்கள்.

விக்கிரகங்களைச் சித்திரையில் ஊருக்குத் திருப்பிக் கொடுக்கிறார்களாம். உன்னால் முடிந்தால் போ. மாரித்தாய்க்கு நான் மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை. படிக்க ஆள் இல்லையா, படிக்கக்கூடாது என்று விட்டுவிட்டாளா தெரியவில்லை. அவளிடம் கேள். வெளியே வந்ததும் அந்தக் கோயிலில் கூட்டிப் பெருக்க, காவல் இருக்க எனக்கு ஆசை. சம்பளம் வேண்டாம். அவளுக்கும் ஒரு மகன் இருந்து செய்கிற மாதிரி ஏதாவது செய்வேன். வரலாமா என்று மட்டும் கேள்.

கைலாசம்


சங்கரன்கோவில்
2-5-1979

கைலாசம்,

போனேன்.

சிவகிரியில் இறங்கி, பஸ் இல்லாமல் நாலு மைல் நடந்தேன். நான் போகும்போது விக்கிரகங்களை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நான் யார் என்று ஒருவர் அடையாளம் கண்டு சொல்ல, கோயில் வாசலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், "உள்ள போக வேண்டாம்மா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். சரி என்று வெளியே நின்றே பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

மாரித்தாய் பின்னாலேயே வந்தாள். கையில் சொம்பு. "வெயில்ல வந்திருக்கீக, தண்ணி குடிங்க" என்றாள். குடித்தேன். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.  நீ எழுதியதை அப்படியே சொன்னேன். கோயிலைக் கூட்டுவது, காவல் இருப்பது, மகன் மாதிரி என்றது எல்லாவற்றையும். மகன் என்ற இடத்தில் மட்டும் அவள் முகம் சுருங்கியது.

கடுதாசி மூன்றும் வந்ததாம். பள்ளிக்கூடத்து வாத்தியார் படித்துக் காட்டினாராம்.

"வர வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள்.

நான் தலையாட்டினேன். அவள் போகவில்லை. சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை வேலியோரம் ஊற்றினாள்.

"அவுகளக் கொன்னது மறக்காது. இவரு முகத்தப் பாத்தா வெட்டத்தான் தோணும். ஆனா பசின்னு வாசல்ல வந்து நின்னா, சோறு இல்லன்னு சொல்ல எனக்கு வராது. போட்டுருவேன். போட்டுட்டு ராத்திரி முழுக்க நான் கெடந்து சாகணும். அதனாலதான் சொல்லுதேன். வர வேண்டாம்."

அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நீ போகாதே, தம்பி. உன்னிடம் அவள் கேட்டது இது ஒன்றுதான்.

முத்துமீனாள்